கடைமடையிலிருந்து ஒரு நூதனப் போராட்டம்

1

இந்த வாரத்தோடு என் தம்பி செந்தில் வீடு வந்து சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் கேக் வெட்டினார்களாம். பிறந்த நாளுக்கே கேக் பார்க்காத வீடு அது. வீடியோவில் அப்பா ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் திணிக்கிறார், அவன் விழுங்கத் தெரியாதவன்போல் முழிக்கிறான், பின்னாலிருந்து யாரோ விசில் அடிக்கிறார்கள். நான் அதை மஸ்கட்டில், நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கின் மருந்து அறையில் நின்றபடி பார்த்தேன். பார்த்து முடித்ததும் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. தம்பி வேலை பார்த்த கப்பலைப் பிடித்து வைத்திருந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அக்கரை என்றே சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்லாதீர்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது, ஒரு வார்த்தை கூடினாலும் கெட்டுவிடும் என்று அங்கே இருந்த நம் தூதரக அதிகாரி தினமும் சொல்லிச் சொல்லி, அது எனக்கு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதும் டிவியில் அந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நான் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கும் ஊரைச் சேர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தவள். என் மகள் யாழினி இங்கேயே பிறந்து, இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். ஊர் அவளுக்கு லீவு விட்டால் போகும் இடம், அவ்வளவுதான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் அதுவும் வரும்.

2

செந்தில் கப்பலில் ஆயிலர், இன்ஜின் அறையில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற வேலை. கப்பலைப் பிடித்துவிட்டார்கள் என்று மும்பை ஏஜென்ட் போன் செய்தபோது அப்பாவுக்கு அது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கப்பலை எப்படிப் பிடிப்பார்கள், பஸ்ஸா மறிப்பதற்கு என்று கேட்டார். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் என்றும், கடலில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவள் என்றும் எல்லாப் போனையும் என் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

எங்கே போய்க் கேட்பது என்பதே முதல் கஷ்டம். கப்பலின் கொடி ஒரு நாட்டுடையது. முதலாளி இன்னொரு நாட்டுக்காரர். ஆள் எடுத்த கம்பெனி மும்பையில். சரக்கு யாருடையது என்று கடைசிவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கொடியின் நாட்டுக்குப் போன் போட்டால் முதலாளியைக் கேள் என்றார்கள். முதலாளியின் ஆபீஸில் வக்கீலைக் கேள் என்றார்கள். வக்கீல் மெயில் அனுப்பச் சொன்னார். மெயிலுக்குப் பதிலாக, விடுமுறையில் இருக்கிறேன் என்று தானாக ஒரு பதில் வந்தது. அடப் பாவிகளா, என் தம்பி அங்கே விடுமுறையிலா இருக்கிறான் என்று நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். கிளினிக்கில் நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் நமக்கென்று நின்றது நம் தூதரகம் மட்டும்தான். அந்த அதிகாரி வடக்கே எங்கேயோ உள்ளவர், சின்ன வயசுக்காரர், சலிக்காமல் பேசினார். கப்பல் நம்முடையது இல்லை மேடம், ஆனால் ஆட்கள் நம்முடையவர்கள், அதனால் கேட்கிறோம் என்றார். அக்கரையோடு நமக்கு நல்ல உறவு இருக்கிறது, அதைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார்.

அதுவரை நான் வெளியுறவுச் செய்தி படித்தவளே இல்லை. அன்றிலிருந்து வேறு எதையும் படிக்கவில்லை. அந்த நல்ல உறவு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று காலையில் பல் தேய்க்கும் முன்பே பார்ப்பேன். நம் மந்திரி எந்த ஊருக்கு விமானம் ஏறினாலும் எனக்குக் காய்ச்சல் வரும். அக்கரைக்கு ஆகாத நாட்டுக்குப் போய் அங்கே உள்ளவரைக் கட்டிப்பிடித்தால், ஐயோ, இதை அவர்கள் பார்ப்பார்களே என்று இருக்கும். நம் கப்பற்படை யாரோடாவது சேர்ந்து ஒத்திகை நடத்தினால் அன்றைக்குச் சோறு இறங்காது. உத்திசார் கூட்டாண்மை என்று செய்தியில் வரும். அது இருந்தால் செந்திலுக்கு நல்லதா கெட்டதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதை எவனும் எழுத மாட்டான்.

ஐ.நா.வில் அக்கரையைக் கண்டித்து ஒரு தீர்மானம் வந்தது. நம் நாடு ஆதரித்தும் ஓட்டுப் போடவில்லை, எதிர்த்தும் போடவில்லை, சும்மா இருந்துவிட்டது. டிவியில் இரண்டு பேர் இது கோழைத்தனமா புத்திசாலித்தனமா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். நான் எழுந்து போய்ப் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதற்கு நடுவில் யாழினி. அவள் பள்ளிக்கூடத்தில் மாதிரி ஐ.நா. சபை என்று ஒன்று நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு நாட்டைக் கொடுத்து, அந்த நாட்டுக்காரர் மாதிரி பேச வைப்பார்கள். அந்த வருஷம் அவளுக்கு வந்தது அக்கரை. சோற்றைப் பிசைந்தபடியே, எங்கள் கடல் எல்லைக்குள் வந்தால் பிடிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று இங்கிலீஷில் ஒத்திகை பார்த்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன்.

"அம்மா, இது நான் இல்ல. நான் ரெப்ரசென்ட் பண்ற நாடு."

"உங்க மாமா அங்க இருக்கான்டி."

"தெரியும்மா. அதனாலதான் அவங்க சைடு என்னன்னு படிக்கிறேன். நீங்க யாராவது படிச்சீங்களா?"

எனக்கு ஓங்கி அறையலாம்போல இருந்தது. ஆனால் அவள் கேட்டது தப்பில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

3

அப்பா கோவிந்தராசுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். பிறகு சிறுகச் சிறுக ஒரு துண்டு நிலம் சொந்தமாக வந்தது. நிலம் வந்த நாளிலிருந்து அவருக்கு வெளியுறவு வேலையும் வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு மேலே இரண்டு ஊர். அந்த இரண்டுக்கும் கோயில் விஷயத்தில் ஆகாது. தண்ணீர் இரண்டையும் தாண்டித்தான் எங்கள் கடைமடைக்கு வர வேண்டும். ஆகவே எங்களுக்கு இரண்டு பேரும் வேண்டும். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஊரிலும் கல்யாணம் வந்தால் அப்பா ஒன்றுக்கும் அம்மா ஒன்றுக்கும் போவார்கள். அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று இவர்கள் கேட்டால், நான் எங்கங்க அதெல்லாம் கவனிச்சேன் என்பார் அப்பா. யார் வந்து எதைச் சொன்னாலும் சரிங்க என்பார். யாழினி பெரிய பெரிய புத்தகம் வைத்துப் படிக்கிற பாலிசியை அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடத்தினார்.

அப்படியும் தண்ணீர் வராத வருஷம் உண்டு. அப்போது ஒரே வழி, மன்னார்குடி ரோட்டில் கடைத்தெரு முக்கில் சாலை மறியல். சும்மா உட்கார்ந்தால் போலீஸ்தான் வரும், நிருபர் வரமாட்டார். நிருபர் வராவிட்டால் தாசில்தார் வரமாட்டார். அதனால் புதுசு புதுசாக எதையாவது செய்வார்கள். கருகிய பயிரை வாயில் கவ்விக்கொண்டு நிற்பார்கள். ரோட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திறக்காத மதகுக்குப் பாடை கட்டித் தூக்கி வருவார்கள். அஞ்சம்மா சித்தியும் மற்ற பெண்களும் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு மதகுக்கு ஒப்பாரி வைப்பார்கள். மறுநாள் பேப்பரில் விவசாயிகள் நூதனப் போராட்டம் என்று படத்தோடு வரும். தாசில்தார் வருவார், பேச்சுவார்த்தை நடத்துவார், இரண்டு நாளில் தண்ணீர் வரும் என்பார். பெரும்பாலும் வரும்.

நான் சின்னப் பெண்ணாக அந்தப் பாடைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். எங்களுக்கு அது சாவு இல்லை. அதிகாரியைக் கூப்பிடுகிற முறை.

4

பிடிபட்டு வெகு நாள் ஆகியும் தம்பியின் குரலை நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் அந்த அதிகாரி கூப்பிட்டு, வருகிற வியாழக்கிழமை ஒவ்வொருவரையும் வீட்டோடு பேச விடச் சம்மதித்திருக்கிறார்கள், அதுவரை யாரும் எதுவும் செய்ய வேண்டாம், பேட்டி வேண்டாம், போராட்டம் வேண்டாம் என்றார். அப்பாவுக்கு அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். வியாழக்கிழமை பேசுவான், இன்ஷா அல்லா என்றேன். இத்தனை வருஷத்தில் அது என் வாயில் ஊறிவிட்டது. அப்பாவும் இன்ஷா அல்லா என்றார். கூத்தாநல்லூர் முஸ்லிம் கடைக்காரர்களோடு பழகியவர், அவருக்கு அது புதிதில்லை. சும்மா இருப்பீங்கதானே என்று கேட்டேன். சரிம்மா என்றார்.

அவருடைய சரி எப்படிப்பட்ட சரி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. யாழினி ஒரு வீடியோ அனுப்பி, தாத்தா ஏன் கட்டிலைத் தூக்கிட்டுப் போறாரு என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். கட்டில் இல்லை. பச்சைத் தென்னை ஓலை முடைந்த பாடை. அதன்மேல் தெர்மாகோலில் செய்த ஒரு கப்பல். முன்னால் ஃபிளெக்ஸில் செந்திலின் பெரிய போட்டோ, அதற்கு ஒரு சாமந்தி மாலை. அஞ்சம்மா சித்தி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். அப்பா பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி நடக்கிறார்.

என் மகளுக்குப் பாடை தெரியவில்லை. அதற்காக வருத்தப்படக்கூட எனக்கு நேரமில்லை. மாலை போட்ட போட்டோவை நம் ஆள் எவன் பார்த்தாலும் என்ன நினைப்பான்? அந்த வீடியோ எங்கள் கப்பல் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பையனின் அம்மா மலையாளத்தில் அழுது குரல் அனுப்பியிருந்தார். செந்தில் போயிட்டானா, என் மகன் இருக்கானா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

அப்புறம் அதிகாரி கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் குரல் தடித்திருந்தது. மேடம், யார் செத்தது என்றார். யாரும் சாகவில்லை என்றேன். அக்கரையில் கேட்கிறார்கள், எங்கள் காவலில் பத்திரமாக இருக்கும் ஆளை நாங்கள் கொன்றுவிட்டதாக ஏன் பரப்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்ல என்றார். வியாழக்கிழமைப் போன் இனி இல்லை என்றும் சொன்னார்.

மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"யாருக்குப்பா பாடை கட்டினீங்க?"

"கப்பலுக்கும்மா. மதகுக்குக் கட்றாப்லதான். தாசில்தார் வந்தாரு, கலெக்டருக்குச் சொல்றேன்னாரு."

"அவன் போட்டோவுக்கு மாலை எதுக்கு?"

லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாடைக்கு வாங்கினதுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. யாரோ போட்டுட்டாங்க. நான் முன்னால தூக்கிட்டு நடந்தேன், பாக்கல கலா."

நான் கத்தினேன். வியாழக்கிழமைப் போன் போய்விட்டது என்று சொன்னேன். கொச்சி அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அக்கரைக்காரர்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு அப்பா மெதுவாகப் பேசினார்.

"அப்ப எம்புள்ளைய நானே..."

அதை முடிக்கவில்லை. போனை அம்மா வாங்கிக்கொண்டு, விடும்மா, அவரு கீழ உக்காந்துட்டாரு என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

5

சரிசெய்ய ஒரு வழிதான் இருக்கிறது என்றார் அதிகாரி. அப்பாவே பேசி ஒரு சின்ன வீடியோ வர வேண்டும். மகன் நலமாக இருக்கிறான் என்று நம்புகிறேன், அதிகாரிகளுக்கு நன்றி என்று சொன்னால் போதும். வாசகத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். நான் நல்ல தமிழில் மாற்றி அனுப்பினேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். கண்றாவி. துப்பாக்கியைக் காட்டிப் படிக்கச் சொன்னதுபோல இருந்தது. தங்களின் பரிவான கவனிப்பிற்கு என்ற இடத்தில் நாலு தடவை திக்கினார். ஐந்தாவது தடவை தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, எனக்கு வர்றதைப் பேசுறேன், பிடிச்சா அனுப்பு, இல்லன்னா விடு என்றார். அம்மாதான் செல்போனைப் பிடித்திருந்தாள். படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

"ஐயா, நான் செந்திலோட அப்பாங்க. நீங்க பாத்தது சாவு இல்லைங்க. எங்க ஊர்ல தண்ணி வரலன்னாலும் இப்படித்தான் அழுவோம். அழுதாத்தான் அதிகாரி வருவாங்க, அப்படியே பழகிட்டோம். உங்களைக் கோவிச்சுக்கிட்டு அழல. மாலை போட்டது தப்பு. எம்புள்ளைக்கு நீங்க சோறு போடுறீங்க, நல்லா இருப்பீங்க. அவனை அனுப்பி வச்சுடுங்க. அவங்க அம்மா சரியா சாப்பிடுறதில்ல."

அவ்வளவுதான். எங்கள் கிளினிக் வரவேற்பில் இருக்கும் ஸலாமாவின் தாயார் அக்கரையில் பிறந்தவர். ஸலாமாவுக்கு அந்த மொழி தெரியும். நான் அரபியும் இங்கிலீஷும் கலந்து சொல்லச் சொல்ல, அவள் படத்துக்குக் கீழே அந்த மொழியில் எழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆரம்பத்தில் இரண்டு மரியாதை வார்த்தை சேர்த்தாள், எடுத்த எடுப்பில் ஐயா என்றால் அங்கே போதாதாம். அப்புறம் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுக்காதே என்றாள்.

வீடியோ தூதரகத்துக்குப் போனது. அங்கிருந்து எங்கே போனது, யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. காத்துக்கொண்டே இருந்தோம். ஊசி போடும்போது கவனம் தப்ப ஆரம்பித்து, கொஞ்ச நாள் என்னை ஃபைல் வேலைக்கு மாற்றினார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, எனக்குக் காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சாமே? கறிச்சோறு யார் போட்டது?"

செந்தில்தான். கொடுத்திருந்த கொஞ்ச நேரத்தில் பாதியை அவன் வேறொருவரைப் பற்றியே பேசினான். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அவர்கள் பண்டாரி நம் நாட்டுக்காரர் இல்லை. எங்கேயோ கடல் நடுவில் இருக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டுக்காரர். அரிசி குறைந்த நாட்களில் முதலில் பையன்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவாராம். இருக்கிற புளியையும் மிளகையும் வைத்துச் செந்தில் சொல்லிக் கொடுத்தபடி ரசம் வைப்பாராம். மோசமான ரசம்தான் அக்கா, ஆனா அது இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும் என்றான். லைன் அறுந்துவிட்டது.

6

நம் ஆட்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வேறொரு ஊரில் நடந்த ஒரு மாநாட்டின் நடுவில் நம் மந்திரியும் அவர்கள் மந்திரியும் தனியாகப் பேசிக்கொண்டார்களாம். அதுதான் காரணம், நம் வெளியுறவுக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்றது டிவி. எல்லாருக்கும் நண்பனாக இருந்தால் இதுதான் லாபம் என்றாள் யாழினி. அவர்களுக்கு நம்மிடம் வேறு ஏதோ வேலை ஆக வேண்டியிருந்தது என்றார் என் வீட்டுக்காரர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊரே அவர் வீடியோவைப் பார்த்துத்தான் விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டது. அவர் மறுக்கவும் இல்லை.

செந்தில் மஸ்கட் வழியாக வரவில்லை. நேராக டெல்லி, அங்கிருந்து சென்னை. கடைத்தெரு முக்கில், பாடை தூக்கிய அதே இடத்தில், தவுல், சால்வை, ஃபிளெக்ஸ், நாலைந்து கட்சிக்காரர்கள். எல்லாவற்றையும் நான் போனில்தான் பார்த்தேன். மைக்கை அவன் கையில் திணித்தார்கள். யார் யாருக்கோ நன்றி சொல்வான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நாங்க வந்துட்டோம். பண்டாரி வரல. அவருக்காகக் கேக்க ஆளில்ல."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினான். தவுல்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

நான் அப்புறம் அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர் நம் பிரஜை இல்லை மேடம், நாங்கள் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தோம், அதற்கு மேல் எங்களுக்கு உரிமை இல்லை என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் தீவு நாட்டுக்கு அக்கரையில் தூதரகமே கிடையாது. இன்னொரு நாட்டில் கௌரவத் தூதர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் டயர் கடை வைத்திருக்கிறார். நான் போன் செய்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் நான் சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கப்பலுக்கு ஒரு ஆளாவது காவல் இருக்க வேண்டும், வழக்கு முடியும்வரை அவர்தான் என்று அக்கரைக்காரர்கள் முடிவு செய்துவிட்டதாகக் கடைசியில் தெரிந்தது.

ஐ.நா.வுல அந்தத் தீவுக்கும் ஒரு ஓட்டு, நமக்கும் ஒரு ஓட்டுதாம்மா என்றாள் யாழினி. அவளாகவே தேடிப் படித்திருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன், எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

7

ஒரு வருஷம். இன்னமும் அந்த ஆள் அங்கேதான் இருக்கிறார். நங்கூரம் போட்ட கப்பலில் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. கேக் வீடியோவைப் பார்த்து எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று இப்போது புரியும்.

கேக் வெட்டிய மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வீடியோ கால். அப்பாவாக இருக்கும் என்று எடுத்தால் அஞ்சம்மா சித்தியின் முகம் திரை முழுக்க. பின்னால் கடைத்தெரு முக்கு. அப்பா, செந்தில், அப்புறம் ஏழெட்டுப் பெண்கள் ரோட்டோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் மடியில் ஒரு போட்டோ. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் கரண்டி, பல் தெரியச் சிரிக்கும் ஓர் ஆள்.

மறுபடியுமா என்றேன். பாடை இல்லம்மா, மாலையும் இல்ல, ஓரமாத்தான் உக்காந்திருக்கோம், பஸ் எல்லாம் போவுது என்று அப்பா பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னார். தாசில்தார் வந்தாராம். இந்த வருஷம் புதிதாக வந்த அம்மா. இவர் எந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். எம்புள்ளைக்குச் சோறு போட்டவருங்க என்றிருக்கிறார் அப்பா. அந்த அம்மா, மேலே தெரியப்படுத்துகிறேன் என்று சொல்லிப் போனாராம். எவ்வளவு மேலே என்று அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

அஞ்சம்மா சித்தி போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"கலா, அழ வேணாம்னு நீ சொல்லிட்டே, சரி. பேரைச் சொல்லியாச்சும் கேக்கணும்ல. அவரு பேரு என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக அந்த மனிதரை நினைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. டயர் கடைக்காரரிடம்கூட அந்தக் கப்பல் சமையல்காரர் என்றுதான் சொல்லியிருந்தேன். செந்திலைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பண்டாரின்னுதான்க்கா கூப்பிடுவோம் என்றான். அவர் மனைவியின் நம்பர் மட்டும் அவனிடம் இருந்தது. ஒரு தடவைகூடப் பேசவில்லையாம். நான் மட்டும் வந்துட்டேன்னு எப்படிக்கா சொல்றது என்றான்.

நான் அந்த நம்பருக்கு அடித்தேன். வெகு நேரம் அடித்து ஒரு பெண் எடுத்தார். பின்னால் காற்று இரைந்தது. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வந்தது. நான் இன்னாருடைய அக்கா என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ரசம் பாய், ரசம் பாய் என்றார், ரசப் பையன் என்று செந்திலைத்தான் சொல்கிறார். கணவரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். இந்தியாவில் ஒரு சின்ன ஊரில், ரோட்டில் உட்கார்ந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லப் போகிறார்கள், சொல்லலாமா, அதனால் உங்களுக்குக் கெடுதல் வந்துவிடாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இதுவரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, சொல்லுங்கள் என்றார்.

ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். யாழினி பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டு, அந்தப் பெண் பெயரைச் சொன்னதிலிருந்தே பக்கத்தில் நின்றிருந்தாள். நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தி, பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து அவள்தான் சித்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். சித்திக்கு முதலில் நாக்குச் சுழலவில்லை. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். மறுபடி சொன்னார், மறுபடியும்.

பெயரைச் சொல்வது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லாதே என்று தடுக்க எங்களுக்கு ஓர் அதிகாரி இருந்தார். இவருக்கு அப்படித் தடுக்கவும் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவர் பெயர் யோவானே தெபாவு. போனை வைக்கும்போது அஞ்சம்மா சித்தியும் மற்ற பெண்களும் அதைச் சேர்ந்து, சத்தமாக, தப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.